பிடிக்க ஆள் இல்லாத கிளப்: எங்கள் கபடிக் கழகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து மேற்கே போனால் புளியரை, அதற்கப்புறம் கோட்டைவாசல், ஆரியங்காவு, கேரளம். அந்தச் சாலையை ஒட்டிய ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் கோயில் கொடை (திருவிழா) என்றால் எங்கள் அணி ஆடாத மின்னொளிக் கபடி கிடையாது. பிறகு கழகம் பெயரளவுக்கு ஆகி, பேனர் மட்டும் மிஞ்சியது. இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குக் களத்தில் நாற்பது பிள்ளைகள் நிற்கிறார்கள். இடையில் என்ன நடந்தது என்று பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்கிறார்கள். பக்கத்து ஊர்க் கழகத்தார் போன் போட்டே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பழைய ரைட் கார்னர், அதாவது பிடிக்கிற வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவன். பகலில் மர மில்லில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் பயிற்சி கொடுக்கிறேன்.

கிளப் ஏன் படுத்தது?

ஜெயிக்க ஆசைப்பட்டுத்தான்.

பரிசுத்தொகை ஏற ஏற, எல்லா ஊரிலும் வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்க ஆரம்பித்தார்கள். நாங்களும் இறக்கினோம். முதலில் ஒரு ரைடர் (பாடிப் போய்த் தொட்டு வருபவன்), அடுத்த வருஷம் ரைடரோடு ஒரு லெஃப்ட் கார்னர். கடைசியில் ஏழு பேரில் ஐந்து பேர் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்ப் பையன்கள் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தார்கள். பெஞ்சில் உட்காருவதற்கு எவன் தினமும் பயிற்சிக்கு வருவான்? பதினெட்டு வயதானதும் புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம் டைல்ஸ் வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் ஊர்க் கொடையிலேயே அது வெட்டவெளிச்சமானது. முதல் ஆட்டம் எங்களுக்கு. இரவு ஒன்பதரைக்கு வரவேண்டிய வேன் வரவில்லை. வேறொரு ஊரில் கூடத் தருகிறார்கள் என்று அங்கே போய்விட்டார்கள். மைக்கில் எங்கள் பெயரை மூன்று முறை கூப்பிட்டாயிற்று. ஆட ஆள் சேர்த்தோம்: இரண்டு உள்ளூர்ப் பையன்கள், என்னோடு சேர்த்து மூன்று நாற்பது வயதுக்காரர்கள், சீரியல் செட் போட வந்த ஒருவன், மாவு மில் தம்பி. ஏழு. எதிரணி ரைடர் சிரித்துக்கொண்டே வந்து தொட்டுவிட்டுப் போனான். அவனைப் பிடிக்க ஆசை எல்லோருக்கும் இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கோ முட்டி மடங்கவில்லை. பாதி ஆட்டத்துக்குள் நாலு ஆல் அவுட், அதாவது நாலு முறை எங்கள் ஆள் அத்தனை பேரும் வெளியே. ஒவ்வொரு ஆல் அவுட்டுக்கும் கூடுதலாக இரண்டு புள்ளி என்பதால் ஸ்கோர் எழுதும் பையனுக்குக் கை ஓயவில்லை. என் அம்மா முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்குவது தப்பா?

தப்பென்று சொல்ல மாட்டேன். உடம்பை வைத்துப் பிழைக்கிற பையன்கள் அவர்கள். ஓர் இரவுக்கு நாலு ஆட்டம் ஆடிவிட்டு விடியும் முன் அடுத்த ஊருக்கு ஓடுகிறார்கள். தப்பு எங்கள் கணக்கில் இருந்தது. முதல் பரிசு வாங்கிய ஒரு வருஷம் நோட்டைப் புரட்டினால், ஆட்டக்காரர் சம்பளம், வேன் வாடகை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் போகக் கழகம் கையிலிருந்து போட்டிருந்தது. சுழற்கோப்பை வந்தது. அதுவும் அடுத்த வருஷம் சுழன்று போயிற்று.

இரண்டு வருஷம் பெரிய போட்டிக்கே போகவில்லையாமே, உண்மையா?

உண்மை. பெரியவர்கள் அணியைப் போட்டிக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம். கூட்டத்தில் பெரிய சண்டை. "கிளப்ப மூடப்போறியா வே?" என்று ஒரு அண்ணாச்சி நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து போனார். அவர் பேரன் இப்போது எங்கள் பதினாறு வயதுக்குட்பட்டோர் அணியில் லெஃப்ட் கவர் (இடது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் நிற்பவன்). தாத்தாதான் சைக்கிளில் கொண்டுவந்து விடுகிறார். என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

அந்த இரண்டு வருஷமும் குறுவட்டப் போட்டி, பள்ளிப் போட்டி, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், அவ்வளவுதான். பரிசு இல்லை, மைக் இல்லை, நன்கொடையும் இல்லை.

ரைடு சொல்லிக்கொடுக்காமல் ஆறு வாரம் பிடி மட்டும் சொல்லிக்கொடுக்கிறீர்களே, பிள்ளைகளுக்குச் சலிக்காதா?

சலிக்கும். டிவியில் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டுதான் வருகிறான். முப்பது விநாடி, தனி ஆள், எல்லார் கண்ணும் அவன் மேல். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் ரைடு மாறி மாறித்தான் வரும். நாற்பது நிமிஷ ஆட்டத்தில் பாதி நேரம் நாம் ஏழு பேரும் பிடிக்க நிற்கிறோம். மீதிப் பாதியிலும் ஒருவன் போக, ஆறு பேர் சும்மா நிற்கிறார்கள். ரைடர் ஒருவனை எந்த ஊரிலிருந்தும் கூட்டிவந்துவிடலாம். பிடியைக் கூட்டிவர முடியாது. கார்னர் காலில் விழுகிற அதே நொடியில் கவர் வந்து மோதவில்லை என்றால், விழுந்தவனையும் இழுத்துக்கொண்டு ரைடர் நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். கார்னர் எப்போது விழுவான் என்று கவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒரே களத்தில் இரண்டு வருஷமாவது சேர்ந்து விழுந்து எழுந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வாரம் விழக் கற்றுக்கொடுக்கிறோம். மரத்தூள் அடைத்த சாக்கு மேல் பக்கவாட்டில் விழுவது, கையை ஊன்றாமல் தோளில் உருள்வது. கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். இரண்டாவது வாரம் சாக்கைக் கயிற்றில் கட்டி ஒருவன் இழுத்துக்கொண்டு ஓடுவான், மற்றவன் பாய்ந்து அள்ளுவான். மூன்றாவது வாரம்தான் ஆள்.

ஆங்கிள் ஹோல்டுக்கு (கணுக்கால் பிடிக்கு) நாங்கள் சொல்வது மூன்று விஷயம். முதலாவது, ரைடரின் முகத்தைப் பார்க்காதே, முகம் பொய் சொல்லும். அவன் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறான் என்று பார். காலை நீட்டித் தொட வரும்போது எடை பின்காலில் இருக்கும். நீட்டிய கால் திரும்ப மண்ணில் பதிகிற அந்தக் கணம்தான் உன்னுடையது. இரண்டாவது, இரண்டு கையும் கணுக்காலுக்கு மேல் பூட்டு மாதிரி விழ வேண்டும், கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்க வேண்டும். விரித்து வைத்துப் பிடிக்கிறவன் கட்டைவிரல் ஒரு சீசனுக்கு மேல் தாங்காது. என்னுடையது தாங்கவில்லை. வலது கட்டைவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது, பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுகிறேன். மூன்றாவது, தலை. தலை ரைடரின் முட்டிக்கு நேரே போகவே கூடாது. காலுக்கு வெளிப்பக்கம், பின்னால் இருக்க வேண்டும். பிடித்த காலை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிவிட்டால் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒற்றைக் காலில் நிற்பான். மீதியைக் கவர் பார்த்துக்கொள்வான்.

ஆறு வாரம் கழித்து ரைடு சொல்லிக்கொடுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பிடிக்கத் தெரிந்த பையன், எங்கே பிடிப்பார்கள் என்று தெரிந்துகொண்டே ரைடு போகிறான். டோ டச் (கால் விரலால் தொடுவது), ஹேண்ட் டச் (கையால் தொடுவது) எல்லாம் அவனுக்குப் பாதி நேரத்தில் வந்துவிடுகிறது.

இன்னொன்று. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. பிடி தெரிந்த அணி ஆல் அவுட் விளிம்பில்கூடப் பதறாது. தெரியாத அணி அங்கேயே முடிந்துவிடும். எங்கள் கொடை ஆட்டத்தில் நான் கண்ணால் கண்டது அது.

எப்போது பார்த்தாலும் ரக்பி லீக் கதை சொல்கிறீர்களாமே? அதற்கும் கபடிக்கும் என்ன?

எங்கள் பழைய ஆட்டக்காரர் ஒருவர் சிட்னி பக்கம் வெல்டராக இருக்கிறார். அவர் அனுப்பிய வீடியோவில் தொற்றிக்கொண்டது. பந்தை மறந்துவிட்டுப் பார்த்தால் அது நம்ம ஆட்டம் மாதிரிதான். ஒருவன் நேரே வருகிறான், இரண்டு மூன்று பேர் சேர்ந்து அவனை மண்ணில் சாய்க்கிறார்கள். அணிக்குப் பதின்மூன்று பேர். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இரண்டு ரைடு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டிய நம்ம டூ ஆர் டை ரைடு ஞாபகம் வருகிறதா? அங்கேயும் பிடிக்கிறவனுக்கு முதல் பாடம் தலையை எங்கே வைப்பது என்பதுதான்.

நான் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது பென்ரித் கிளப்புக்காக. சிட்னியின் மேற்குக் கோடியில் இருக்கிற அணி. 2001, 2007 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலிய லீக்கில் கடைசி இடம். அதே கிளப் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு சாம்பியன். பயிற்சியாளர் ஐவன் கிளியரி. அவர் மகன் நேதன் அணியின் மூளை. ஆடியவர்களில் நிறையப் பேர் அந்தப் பகுதியின் ஜூனியர் அணிகளில் சின்ன வயதிலிருந்து ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள். அவர்கள் பணமும் வசதியும் நமக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. ஆனால் ஒன்றாக வளர்ந்த பையன்கள் ஒருவனுக்கொருவன் கண்ணைக் காட்டாமலே சேர்ந்து விழுகிறார்கள், அதற்குப் பணம் வேண்டாம்.

அந்த ஆட்டம் பிறந்த கதை இன்னும் பிடிக்கும். அதைக் கீழே கேரள வேலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

களத்துக்கு என்ன மண்?

செம்மண், ஆற்று மணல், மரத்தூள், மக்கிய சாணம். செங்கோட்டைப் பக்கம் மர மில்லுக்குப் பஞ்சமில்லை, தூள் மூட்டையாகவே கிடைக்கும். ஆனால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். நாங்கள் முதல் தடவை கொட்டிவிட்டோம், மறுநாள் நாலு பையன்கள் முழங்கையில் சிராய் ஏறி வந்து நின்றார்கள். இப்போது சல்லடையில் இரண்டு முறை சலித்து, ஒரு வாரம் வெயிலில் போட்டு, பிறகு மண்ணோடு கொத்திவிடுகிறோம். தேக்குத் தூள் சில பிள்ளைகளுக்கு அரிக்கிறது, அதைத் தனியாக ஒதுக்கச் சொல்லிவிடுவேன். வாரம் ஒருமுறை வெறுங்காலோடு களம் முழுக்க நான் நடந்து பார்ப்பேன். பையன்களுக்கு அது சிரிப்பு.

அளவு: ஆண்களுக்கும் ஜூனியர் பையன்களுக்கும் 13 மீட்டருக்கு 10. பெண்களுக்கு 12-க்கு 8. சப் ஜூனியருக்கு 11-க்கு 8. ஒரே களத்தில் மூன்றுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். சின்னதற்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

சாரல் காலத்தில் என்ன செய்கிறீர்கள்?

ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குக் களம் சேறு. ஆகஸ்ட் வரை காலியாய்க் கிடக்கிற பழைய நெல் குடோனில் செயின் பயிற்சி. நாலு பேர் கை கோத்து, சுவரில் சாய்த்த சைக்கிள் டியூபை ரைடராக நினைத்து வளைப்பது. கேட்கிறவர்களுக்குக் கேலியாக இருக்கும். கால் பழகிவிடும்.

மேட் (ஆடுகள விரிப்பு) இல்லாமல் மாநில அளவுக்குத் தயாராக முடியுமா?

முழுக்க முடியாது. மேல்மட்டப் போட்டிகளில் மேட்டில் ஷூ போட்டுத்தான் ஆடுகிறார்கள். மண்ணில் வெறுங்கால் பழகிய பிள்ளை அங்கே போனதும் திரும்பும் வேகத்தில் ஏமாந்துபோகிறான். மண்ணில் கால் வழுக்கிக்கொடுக்கும், மேட்டில் அப்படியே பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முட்டி போகும். மேட் வாங்க லட்சக்கணக்கில் ஆகும். தேர்வுக்குப் போகும் பிள்ளைகளை மட்டும் மாதம் இரண்டு முறை மேட் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போகிறோம்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

பத்து வயது. அதற்கு முன் வந்தால் ஓடிப்பிடித்து விளையாடட்டும். பதினாறுக்குள் சப் ஜூனியர், இருபதுக்குள் ஜூனியர், இரண்டுக்கும் எடை வரம்பு உண்டு. வரம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, போட்டி அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை என்றதும் ஒரு விஷயம். எடை பார்க்கிற அன்றைக்கு இரண்டு கிலோ கூட இருக்கிறது என்று பிள்ளையைப் பட்டினி போடுவது, ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடவிடுவது, துப்பச் சொல்வது, இதெல்லாம் நம் மைதானங்களில் சர்வ சாதாரணம். பதினான்கு வயதில் என்னையும் செய்ய வைத்தார்கள். எடை சரியாய் இருந்தது, ஆட்டத்தில் மயங்கி விழுந்தேன். எங்கள் கழகத்தில் எடை கூடின பிள்ளை அந்தப் போட்டிக்குப் போவதில்லை. அப்பா வந்து சண்டை போட்டாலும் சரி.

அடிபட்டால் யார் பொறுப்பு?

தாய்மார் கேட்பது இது. "அண்ணாச்சி, பிள்ள கால ஒடச்சிராதீங்க" என்று சொல்லாத அம்மா கிடையாது. அடியே படாது என்று பொய் சொல்ல மாட்டேன். விரல் சுளுக்கு வாரத்துக்கு ஒன்று. கணுக்கால், முட்டி எப்போதாவது. விழக் கற்றுக்கொண்ட பிறகு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்பது என் அனுபவம்.

தலையில் அடிபட்டால் மட்டும் பேச்சே கிடையாது. அன்றைக்கு அவன் திரும்பக் களம் இறங்க மாட்டான். "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்று அவனே சொன்னாலும், ஃபைனலே ஆனாலும் உட்கார வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். முட்டி வீங்கினால் எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. இதை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு இன்னும் முடியவில்லை. ஐஸ், ஓய்வு, டாக்டர்.

பெண் பிள்ளைகள் அணி உண்டா?

உண்டு. பதினான்கு பேர். உண்மையில் பயிற்சிக்கு லீவு போடாமல் வருவது அவர்கள்தான்.

ஆரம்பத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு பையனைக் கூட்டிப்போக வந்த அக்காக்காரி, வேலிக்கு வெளியே நின்று நாங்கள் சொன்னதையெல்லாம் தம்பிக்கு வீட்டில் திருத்திக்கொண்டிருந்தாள். தம்பி ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா சொல்லுதா, கவர் லேட்டா வாரானாம்" என்றான். களத்தைப் பார்த்தேன். ஆமாம், லேட்டாகத்தான் வந்தான்.

வீடுகளில் பேசியதுதான் பெரிய வேலை. பாதி வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். பிள்ளை பள்ளி விட்டு வந்து இலை வெட்டிக் கொடுத்தால்தான் கணக்கு முடியும். அதனால் அவர்கள் பயிற்சி காலை ஐந்தரை மணி. இருட்டும் முன் வீடு என்கிற பேச்சே வராது. உடை டிராக் பேண்ட், டி ஷர்ட். பெண் பயிற்சியாளர் ஒருவர் இல்லாமல் தொடங்குவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தோம். பக்கத்து ஊரில் கல்யாணமாகி வந்த, கல்லூரி அணியில் ஆடிய ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் கணவர் ஒப்புக்கொண்டார், மாமியார் ஒப்புக்கொள்ள மூன்று மாதம்.

2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடியது எங்களுக்குப் பெரிய உதவி. குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகர் என்ன மாதிரி இடம் என்று எல்லா அம்மாவுக்கும் செய்தியில் தெரிந்திருந்தது. அந்த வாரம் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள்.

ஆரியங்காவு, அம்பநாடு எஸ்டேட் பிள்ளைகள் வரலாமா?

தாராளமாய். ஆறு பேர் வருகிறார்கள், ஐந்து பேர் வீட்டில் தமிழ்தான். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எங்கள் தாத்தாமார் மைதானத்தில் செக்போஸ்ட் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி இங்கே எடுக்கலாம், ஞாயிறு ஆட்டம் ஆடலாம். ஆனால் பள்ளிப் போட்டியும் மாவட்டத் தேர்வும் அவர்கள் படிக்கிற, வசிக்கிற கொல்லம் மாவட்டம் வழியாகத்தான். இரண்டு பக்கமும் பெயர் கொடுத்து மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் போய்விடும். விடுமுறையும் இடிக்கும். அவர்களுக்கு ஓணம் லீவு வருகிற சமயத்தில் இவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு. கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்பதால் அவர்களுக்கு ஆறேகாலுக்கே பயிற்சி முடியும். அதில் ஒரு பையன் பாடிப் போகும்போது மூச்சு விடாமல் "கபடி கபடி" சொல்கிற வேகத்தில் மலையாள வாடை அடிக்கும், எங்கள் ஆட்கள் அதைக் கேட்பதற்கென்றே அவனை ரைடு போகச் சொல்வார்கள்.

படிப்பு கெடாதா? வேலை கிடைக்குமா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள்தான். வேலை விஷயத்தில் ஆசை காட்ட மாட்டேன். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிகளில் விளையாட்டு இடம் இருக்கிறது, காவல்துறையிலும் ரயில்வேயிலும் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மாநில அளவு, தேசிய அளவுச் சான்றிதழ் வேண்டும். கொடை மேட்சில் வாங்கிய கோப்பையை எந்த ஆபீஸிலும் கேட்க மாட்டார்கள். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது வாங்கியவர், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்கிற சின்ன ஊர்க்காரர். அவர் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டுவேன். அவரோடு மண்ணில் உருண்ட மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஏமாற்றக் கூடாதில்லையா.

வளர்த்துவிட்டால் பதினெட்டு வயதில் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு என்ன பிரயோஜனம்?

என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. வேலைக்குப் போகாதே என்று சொல்ல நான் யார்? வீட்டில் அப்பா இல்லாத பையன் ஞாயிறு ஆட்டத்துக்காகச் சனிக்கிழமைக் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்த்தது எங்கள் பழைய தவறுகளில் ஒன்று. வராதவனைத் திட்டினோம். "காசு பெருசா, ஊர் பெருசா?" என்று கேட்டோம். காசுதான் பெரிசு, வேறு என்ன?

இங்கேதான் ரக்பி லீக் கதை. 1895-க்கு முன் இங்கிலாந்தில் ரக்பி ஒன்றுதான். வடக்கே ஆடியவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை வேலை நாள். ஆட்டத்துக்கு வந்தால் கூலி போகும். போன கூலியை மட்டுமாவது கிளப் கொடுக்கலாம் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. தெற்கே ஆட்டத்தை நடத்திய கனவான்கள் கூடாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவுதான் பின்னால் ரக்பி லீக் ஆனது. ஓர் ஆட்டமே இழந்த கூலிக்காகப் பிறந்தது என்று தெரிந்தபோது, அடடா, இதைத்தானே நம்ம பையன் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான் என்று தோன்றியது.

இப்போது வெளியூர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த பணத்தைத் தனி உண்டியலில் போடுகிறோம். போட்டிக்காக வேலையை விட்டு வருகிற பையனுக்கு அன்றைய கூலியில் பாதியும் பஸ் காசும். முழுக் கூலி கொடுக்கக் கையில் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று பயிற்சிக் கூடாரத்தில் நோட்டு தொங்குகிறது, யாரும் புரட்டிப் பார்க்கலாம்.

வேலைக்குப் போனவர்கள் காணாமலும் போவதில்லை. புனலூரில் டைல்ஸ் ஒட்டுகிற ஒருவன் மாதம் இரண்டு ஞாயிறு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு டேஷ் (ரைடரை மோதித் தள்ளுவது) சொல்லிக்கொடுக்கிறான். நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிற அவன் தொடைக்கு எங்கள் பயிற்சி எல்லாம் ஒன்றுமே இல்லை. என்னைவிட அவன் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

செலவுக்கு?

பெற்றோர் மாதம் ஐம்பது ரூபாய், முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. கொடையில் வசூல். மில்லில் தூள் இலவசம். வேன் வேண்டாம், பஸ். ஜெர்சியில் பெயர் போட்டால் பணம் தருவதாக ஒருவர் சொல்லிவிட்டுத் தரவில்லை; பெயர் போட்ட ஜெர்சி இருபது கிடக்கிறது, பயிற்சிக்கு உடுத்துகிறோம்.

நல்ல பிள்ளையை வேறு அகாடமிக்காரர்கள் தூக்கிப்போனால்?

போயிருக்கிறார்கள். மூன்று வருஷம் பயிற்சி கொடுத்த ஒரு ரைடரை, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், விடுதி வசதி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். ஆறு மாதத்தில் முட்டியில் அடி. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்களிடம் ஸ்கோர் எழுதுகிறான், மெல்ல ஓட ஆரம்பித்திருக்கிறான். அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்கு நாங்களே கூட்டிப்போகிறோம், அதில் வருத்தம் கிடையாது.

சரி, இப்போது ஜெயிக்கிறீர்களா?

அவ்வளவாக இல்லை. போன கொடையில் மறுபடி பெரியவர்கள் பிரிவில் இறங்கினோம். ஏழு பேரும் உள்ளூர், இரண்டு பேர் கேரளாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், ஒருவனுக்குப் பத்தொன்பது வயது. காலிறுதியில் தோற்றோம், ஐந்து புள்ளி வித்தியாசம்.

இரண்டாவது பாதியில் மூன்று பேர் மட்டும் களத்தில். எதிரணியில் காசுக்கு ஆடுகிற பெரிய ரைடர், தொடை மட்டுமே எங்கள் பையன் இடுப்பளவு. அவன் இடது கார்னரைப் பார்த்து ஒரு காலை நீட்டினான், இழுத்தான், மறுபடி நீட்டினான். எங்கள் லெஃப்ட் கார்னர் அசையவில்லை. மூன்றாவது தடவை நீட்டிய கால் திரும்ப மண்ணில் பதிந்தபோது பையன் தரையில் இருந்தான், கட்டைவிரல் ஒட்டி, தலை வெளிப்பக்கம். டைல்ஸ்காரன் கவரிலிருந்து வந்து மோதினான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் பாக்கி. நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். மைக்கில் "உள்ளூர் அணிக்கு" என்று ஆரம்பித்தவர் சத்தத்தில் முடிக்கவே முடியவில்லை.

சேர என்ன கொண்டு வர வேண்டும்?

ஆதார் நகல், பிறந்த தேதிச் சான்று, பெற்றோர் ஒருவர் நேரில். பையன்கள் சாயங்காலம் ஐந்து, பெண் பிள்ளைகள் காலை ஐந்தரை, திங்கள் லீவு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக் கூடாது, பிடி நழுவும். கயிறு, மோதிரம், காப்பு எல்லாம் வீட்டில். கை கால் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மறந்து வருகிறவர்களுக்கு வேலிக் கம்பியில் ஒரு நகவெட்டி கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.